எக்ஸெல் வேலையைத் தானாக ஓடவைக்க: தடிப் புத்தகமா, மாலை வகுப்பா, வீடியோவா, ஏஐயா?

மும்பையில் கணக்கு வேலை பார்ப்பவர்களுக்கு மாதத்தின் 14ஆம் தேதி வந்தால் வயிற்றில் புளியைக் கரைக்கும். அன்றுதான், விற்றவர்கள் ஏற்றிய பில்களின் பட்டியலான 2பி அறிக்கை ஜிஎஸ்டி தளத்தில் தயாராகும். மாதந்தோறும் தாக்கல் செய்பவர்கள் 20ஆம் தேதிக்குள் மாத வரிக் கணக்கான 3பி படிவத்தை முடித்தாக வேண்டும். இடைப்பட்ட ஆறு நாளில், டாலி என்ற கணக்கு மென்பொருளிலிருந்து எடுத்த கொள்முதல் பதிவேட்டையும் 2பி அறிக்கையையும் பில் பில்லாக ஒப்பிட வேண்டும். 2பி-யில் ஏறாத பில்லுக்கு உள்ளீட்டு வரி வரவு (கொள்முதலில் கட்டிய வரியைக் கழித்துக்கொள்வது) எடுக்கக் கூடாது என்பது 2022 ஜனவரி 1 முதல் சட்டம். ஃபோர்ட்டில் ஆடிட்டர் அலுவலகமோ, மஸ்ஜித் பந்தரில் மொத்தக் கடையோ, தாராவியில் தோல் பை தைக்கும் பட்டறையோ, எங்கே வேலை பார்த்தாலும் டோம்பிவிலிக்குக் கடைசி வண்டியைப் பிடிக்கும் நாள்கள் இவைதான்.

இதை எக்ஸெல்லே செய்துவிடாதா, அதற்கு எதைப் படிக்கலாம் என்ற கேள்வி சியோன் கோலிவாடாவிலிருந்து முலுண்டு வரை அடிக்கடி என் காதில் விழுகிறது. விடைகளும் ஆளுக்கொன்று. ஆயிரம் பக்க ரெஃபரன்ஸ் புத்தகம் ஒன்றை வாங்கு என்பார் ஒருவர். தாதரில் மாலை வகுப்பில் சேர் என்பார் அடுத்தவர். தமிழிலேயே வீடியோக்கள் கொட்டிக் கிடக்கின்றனவே என்பார் மூன்றாமவர். இளையவர்களோ, ஏஐயிடம் கேட்டால் ஒரு நிமிடத்தில் நிரல் எழுதித் தருகிறது, படிப்பு எதற்கு என்கிறார்கள். நான் புத்தகக் கட்சி. ஆனால் எல்லா வேலைக்கும் அல்ல, முதல் நாளிலிருந்தும் அல்ல.

எந்த வழியையும் உரசிப் பார்க்க ஓர் உரைகல் வேண்டும். 2பி ஒப்பீட்டையே அப்படி எடுத்துக்கொள்கிறேன், ஏனென்றால் அதில் எல்லாக் கோளாறுகளும் ஒரே இடத்தில் கிடைக்கின்றன. விற்றவர் தளத்தில் ஏற்றிய பில் எண் "0045/24-25" என்று இருக்கும். நம் குமாஸ்தா டாலியில் அடித்தது வெறும் "45". "4-11" என்ற பில் எண்ணைக் கண்டால் எக்ஸெல் அதை நவம்பர் 4 என்று தேதியாக்கி வைத்துவிடும். ஜிஎஸ்டி எண்ணுக்கு 15 எழுத்து: முதல் இரண்டு மாநிலக் குறியீடு, மகாராஷ்டிரத்துக்கு 27, தமிழ்நாட்டுக்கு 33, அடுத்த பத்து பான் எண். அந்தப் பதினைந்தின் வாலில் கண்ணுக்குத் தெரியாத ஓர் இடைவெளி ஒட்டிக்கொண்டிருந்தால் பட்டியலில் தேடித் தரும் வி-லுக்கப் சூத்திரம் கைவிரித்துவிடும். இடைவெளியை நீக்கும் டிரிம் சூத்திரம் போட்டால் போகுமே என்பீர்கள். இணையப் பக்கத்திலிருந்து நகலெடுத்தபோது ஒட்டிய இடைவெளி என்றால் டிரிம்முக்கும் அது அசையாது. கணினிக் குறியீட்டில் அது வேறு எண் கொண்ட எழுத்து. போதாக்குறைக்கு, 2பி தாளின் தலைப்பு இரண்டு அடுக்காக, செல்கள் இணைக்கப்பட்டு வரும். கீழே தரவு எந்த வரியில் தொடங்குகிறது என்பதை நாம்தான் நிரலுக்குச் சொல்ல வேண்டும்.

வகுப்பில் காட்டும் "மாம்பழம் 20 கிலோ, ஆப்பிள் 15 கிலோ" தாளில் இவற்றில் ஒன்றும் இருக்காது.

ஆசிரியருக்கு முன்னால் கருவி

எதிலிருந்து கற்பது என்று முடிவெடுக்கும் முன் எதைக் கற்பது என்று தெரிய வேண்டும். பலர் இந்த வரிசையை மாற்றிவிடுகிறார்கள். புத்தகம் எக்ஸெல்லின் நிரல் மொழியான வி.பி.ஏ. பற்றியது என்பதால் வி.பி.ஏ. கற்கிறார்கள், வகுப்பில் பைத்தான் என்ற பொது நிரல் மொழியைச் சொல்லித் தருகிறார்கள் என்பதால் பைத்தான்.

எக்ஸெல்லுக்கு உள்ளேயே இரண்டு கருவிகள் இருக்கின்றன. ஒன்று பவர் குவெரி. எக்ஸெல் 2016 முதல் தனியாக எதையும் நிறுவாமலே டேட்டா தாவலில் கிடைக்கிறது. ஒரு ஃபோல்டரில் கிடக்கும் பன்னிரண்டு மாத ஃபைல்களை ஒன்றாகச் சேர்க்கும், தாளின் மேலே உள்ள தலைப்பு வரிகளை நீக்கும், இரண்டு பட்டியல்களை இணைத்து ஒரு பக்கத்தில் மட்டும் இருப்பவற்றைத் தனியே எடுத்துக் காட்டும். செய்த ஒவ்வொரு படியும் வலப்பக்கத்தில் பதிவாகி நிற்கும். அடுத்த மாதம் புது ஃபைலை அதே ஃபோல்டரில் போட்டு ‘ரிஃப்ரெஷ்’ அழுத்தினால் முடிந்தது. 2பி ஒப்பீட்டின் பெரும்பகுதி இதிலேயே அடங்கிவிடும். நிரல் எழுத வேண்டிய தேவையே இல்லை. ஓரிரண்டு குணங்களைத் தெரிந்துகொள்ள வேண்டும். இதன் டிரிம் முன்னும் பின்னும் உள்ள இடைவெளியைத்தான் நீக்கும், எக்ஸெல்லின் டிரிம்மைப் போல நடுவில் உள்ள கூடுதல் இடைவெளிகளைத் தொடாது. சிறிய எழுத்தும் பெரிய எழுத்தும் அதற்கு வேறு வேறு. ஃபைலைத் திறந்ததும் தானாக ஒரு படியைச் சேர்த்து "0045" என்பதை 45 என்ற எண்ணாக்கிவிடும். பில் எண் பத்தி என்றால் அந்தப் படியை அழித்துவிட்டு நாமே முடிவு செய்வது நல்லது.

இரண்டாவது வி.பி.ஏ. எனப்படும் மேக்ரோ மொழி. மேக்ரோ என்றால் எக்ஸெல் தானாக ஓட்டும் நிரல். 1993இல் எக்ஸெல் 5-உடன் வந்தது. செத்துவிட்டது, செத்துவிட்டது என்று ஆண்டுதோறும் யாராவது சொல்வார்கள். அலுவலகங்களில் அது பாட்டுக்கு ஓடிக்கொண்டிருக்கிறது. பொருந்தாத பில்கள் எவை என்று தெரிந்த பிறகு வரும் வேலைக்கு இதுதான் வேண்டும்: நாற்பது விற்பனையாளர்களுக்கு ஆளுக்கொரு தாள் பிரித்து, தலைப்பில் பெயர் போட்டு, பிடிஎஃப் ஆக்கி, ஆளுக்கொரு ஃபோல்டரில் வைப்பது. பவர் குவெரி தரவைக் கொண்டுவந்து தாளில் கொட்டும். தாளை அச்சிடுவதும் பிரிப்பதும் அனுப்புவதும் அதன் வேலை அல்ல.

வெளியே இருப்பவற்றில் பைத்தான் மிகவும் பேசப்படுவது. எக்ஸெல் தாளின் வரிகள் 10,48,576-உடன் முடிந்துவிடும். அதற்கு மேல் தரவு இருந்தால் பைத்தான்தான் சரி. ஆனால் ஃபோர்ட் அலுவலகக் கணினியில் அதை நிறுவ அனுமதி கேட்டுப் பாருங்கள், ஐ.டி. பிரிவிலிருந்து பதில் வருவதற்குள் அடுத்த 14ஆம் தேதி வந்துவிடும். நிறுவியே ஆனாலும், நீங்கள் வேலை மாறிப் போன பிறகு அந்த நிரலைத் திறந்து பார்க்க அந்தப் பிரிவில் ஆள் இருப்பாரா? எக்ஸெல்லுக்குள்ளேயே பைத்தான் வருகிறது என்று 2023 ஆகஸ்டில் மைக்ரோசாஃப்ட் அறிவித்தது. அது கணக்கிடுவது அவர்களுடைய கிளவுடில். உங்கள் கணினியின் ஃபோல்டரில் கிடக்கும் ஃபைல்களை அதனால் தொட முடியாது. ஆக, நம் உரைகல்லில் அது தேறவில்லை.

கூகுளின் இணையத் தாளான ஷீட்ஸில் நிரல் எழுத ஆப்ஸ் ஸ்கிரிப்ட் உண்டு, 2009 முதல். ஜாவாஸ்கிரிப்ட் மொழி. ஒரு முறை ஓடினால் ஆறு நிமிடத்தில் நிறுத்திவிடும் என்பது அதன் கட்டுப்பாடு. ஆடிட்டர் வேலைக்கு நான் இதைச் சொல்ல மாட்டேன். உங்கள் ஹவுசிங் சொசைட்டியின் செயலாளர் பொறுப்பு உங்கள் தலையில் விழுந்திருந்தால் மட்டும் இதுதான் முதல் தேர்வு: பராமரிப்புக் கட்டணம் கட்டாதவர்களுக்கு மாதம் ஐந்தாம் தேதி தானாக மெயில் போகும், உங்கள் கணினி அணைந்திருந்தாலும் போகும்.

ஆக, கணக்குக்காரருக்கு முதலில் பவர் குவெரி, பிறகு வி.பி.ஏ. ஆசிரியர் தேர்வும் இங்கேயே பாதி தீர்ந்துவிடுகிறது. பவர் குவெரியில் பெரும்பாலும் சுட்டியை வைத்து அழுத்துவதுதான் வேலை; எந்தத் தாவல், எந்தப் பட்டன், அழுத்தியதும் என்ன மாறுகிறது என்பதைக் கண்ணால் பார்த்தால் சட்டென்று பிடிபடும். இதற்கு வீடியோவை மிஞ்ச ஒன்றுமில்லை. அதையே புத்தகத்தில் படித்தால் பக்கத்துக்கு மூன்று ஸ்கிரீன்ஷாட், நான்கு அம்புக்குறி என்று சலித்துவிடும். உங்கள் பதிப்பில் பட்டன் வேறு இடத்தில் இருந்தால் அதுவும் வீண். வி.பி.ஏ. எழுத்தால் ஆனது. எழுத்தை எழுத்திலிருந்து கற்பதே எளிது. யாரோ வேகமாகத் தட்டும் நிரலைத் திரையில் பார்த்து, நிறுத்தி, பின்னால் ஓட்டி, மறுபடி பார்த்து எழுதியவர்களுக்கு நான் சொல்வது புரியும்.

தடிப் புத்தகத்தின் உள்ளே

ரெஃபரன்ஸ் புத்தகம் என்று நான் சொல்வது, "ஏழு நாளில் மேக்ரோ" வகையை அல்ல. எக்ஸெல்லின் உள்ளமைப்பை அலசி, பின்னால் முப்பது நாற்பது பக்கத்துக்குச் சொல்லடைவு போட்டிருக்கும் கனமான புத்தகத்தை. அதன் பலம் ஒரே விஷயத்தில் இருக்கிறது. எக்ஸெல் முழுவதும் ஒன்றுக்குள் ஒன்றாக அடுக்கிய பொருள்களால் ஆனது: அப்ளிகேஷனுக்குள் ஒர்க்புக், அதற்குள் ஒர்க்ஷீட், அதற்குள் செல்களின் தொகுதியான ரேஞ்ச். ஒவ்வொன்றுக்கும் தனக்கென்று சில குணங்கள், சில செயல்கள். எது எதற்குள் இருக்கிறது என்ற இந்த வரைபடத்தைப் புத்தகம் போல வேறு எதுவும் தருவதில்லை. வீடியோ ஒரு தெருவைக் காட்டும். ஏஐ நீங்கள் கேட்ட வீட்டின் வாசலில் கொண்டு விடும். ஊர் எப்படி இருக்கிறது என்று தெரியாததால் அடுத்த முறையும் கேட்கத்தான் வேண்டும்.

ஒரு சின்ன உதாரணம். பில்களை ஒவ்வொன்றாகப் பார்க்க, ஒரே வேலையைத் திரும்பத் திரும்பச் செய்யும் சுழல் எழுதும்போது, வரி எண்ணை வைத்துக்கொள்ள ஒரு மாறி (மதிப்பை வைத்திருக்கும் பெயர்) தேவை. எண்தானே என்று அதை ‘இன்டிஜர்’ வகையாக அறிவித்திருப்பார் ஒருவர். மூவாயிரம் வரியில் சோதித்துப் பார்த்தால் அருமையாக ஓடும். ஒரு வருடம் முழுக்க ஓடும். மார்ச் முடிந்து ஆண்டுக் கணக்கை மொத்தமாகப் போட்டதும் 32,768ஆம் வரிக்குப் போகும்போது "ஓவர்ஃப்ளோ" என்று நின்றுவிடும். வி.பி.ஏ.யில் அந்த வகை 32,767 வரைதான் தாங்கும். ‘லாங்’ என்று அறிவித்தால் 214 கோடியைத் தாண்டும். நல்ல புத்தகத்தில் மாறிகள் அத்தியாயத்திலேயே இதை ஒரு சிறு அட்டவணையாகப் போட்டிருப்பார்கள். ஐந்து நிமிடத்தில் படித்துவிடலாம். படிக்காதவர் அந்த இரவில், நிரலில் எதையும் மாற்றவில்லையே, நேற்றுவரை ஓடியதே என்று தலையைப் பிய்த்துக்கொண்டிருப்பார்.

புத்தகத்துக்குச் சரியான ஜோடி எக்ஸெல்லின் மேக்ரோ ரெக்கார்டர். பதிவு பட்டனை அழுத்திவிட்டு, கையால் செய்யும் வேலையை ஒரு முறை செய்தால் அது நிரலாக எழுதிவிடும். எழுதுவது அசட்டு நிரல்தான்: ஒவ்வொரு செல்லையும் முதலில் ‘செலக்ட்’ செய்யும், பிறகு அதில் வேலை செய்யும், நீங்கள் திரையை உருட்டியதைக்கூட எழுதி வைக்கும். ஆனால் நமக்குத் தெரியாத பெயர்களை அது காட்டிக் கொடுக்கிறது. பிடிஎஃப் ஆக்கும் கட்டளையின் பெயர் என்ன? பதிவு செய்து பார்த்தால் தெரிந்துவிடும். அந்தப் பெயரைச் சொல்லடைவில் தேடி, அந்தப் பக்கத்தை மட்டும் படித்து, பிறகு எஃப்8 விசையால் ஒவ்வொரு வரியாக ஓட்டிப் பார்த்தால், ஒரு மாலையில் ஒரு வேலை கைவசமாகும்.

ஆகவே இந்தப் புத்தகத்தை முதல் பக்கத்திலிருந்து கடைசிப் பக்கம் வரை படிக்க வேண்டாம். படிக்கவும் முடியாது, காலை எட்டு மணி டோம்பிவிலி ஃபாஸ்ட் லோக்கலில் கையைத் தூக்கவே இடம் இருக்காது, இதில் ஒன்றரைக் கிலோ புத்தகத்தை எங்கே விரிப்பது? மாறிகள், சுழல்கள், ரேஞ்ச், பிழை கையாளுதல், இந்த நான்கையும் வரிசையாக, கணினிக்கு முன்னால் உட்கார்ந்து, உதாரணங்களைத் தட்டிப் பார்த்தே படிக்க வேண்டும். மற்றவை எல்லாம் தேவை வரும்போது சொல்லடைவு வழியாக. மின்னூலைக் கைப்பேசியில் வைத்துக்கொள்பவர்கள் உண்டு. விளக்கப் பகுதிக்கு அது போதும். நிரல் பகுதியில் சின்னத் திரைக்காக வரிகள் உடைந்து அடுத்த வரியில் போய் விழுவதால், ஒரு கட்டளை எங்கே முடிகிறது என்று புதியவருக்குத் தெரியாமல் போகும்.

புத்தகத்தின் குறை என்ன? மாதாமாதம் உங்களை வாட்டும் ஒரு ஃபைல் கையில் இல்லாவிட்டால் அது தூங்க வைக்கும். பொதுவாகக் கற்று வைப்போம் என்று வாங்கியவர்களின் வீட்டில் அது டிவி ஸ்டாண்டின் கீழ் இருக்கிறது.

ஹிந்தி வகுப்பும் தமிழ் வீடியோவும்

மும்பைத் தமிழருக்கு வகுப்பில் ஒரு தனிச் சிக்கல் உண்டு. புத்தகம் ஆங்கிலம், வகுப்பு ஹிந்தி. தாராவியில் இருக்கும் தமிழ்க் குடும்பங்களில் பலவும் திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து வந்தவை. அங்கேயே பி.காம். முடித்துவிட்டுச் சித்தப்பா வீட்டில் தங்கி வேலை தேடும் பிள்ளைக்கு ஆங்கிலம் படித்தால் புரியும், ஹிந்தி இன்னும் காதில் ஏறியிருக்காது. அப்படி ஒரு தம்பி என்னிடம் சொன்னது: "அண்ணாச்சி, அவர் பேசுவது ஹிந்தியா மராத்தியா என்று எனக்குப் பிடிபடுவதற்குள் அடுத்த பட்டனை அழுத்திவிடுகிறார்." அவருக்கு நான் வகுப்பைச் சொல்லவில்லை.

புத்தகத்தின் ஆங்கிலத்தைக் கண்டு தமிழ் வழியில் படித்தவர்கள் மிரளத் தேவையில்லை. நிரல் புத்தகங்களில் திரும்பத் திரும்ப வருவது ஒரு முந்நூறு நானூறு சொற்கள்தான் என்பது என் கணிப்பு. இரண்டு அத்தியாயம் தாண்டினால் பழகிவிடும். எக்ஸெல் காட்டும் பிழைச் செய்திகளும் எப்படியும் ஆங்கிலத்தில்தான் வரப்போகின்றன. "சப்ஸ்கிரிப்ட் அவுட் ஆஃப் ரேஞ்ச்" என்று வந்தால், நீங்கள் சொன்ன பெயரில் தாளோ ஃபைலோ இல்லை என்று பொருள். பத்தில் ஒன்பது முறை தாளின் பெயரில் எழுத்துப் பிழையாகத்தான் இருக்கும். இதை வீடியோ எப்போதாவது தற்செயலாகக் காட்டும். புத்தகத்தில் பிழை எண்ணோடு இருக்கும்.

வகுப்பு யாருக்கு உதவும் என்றால், வீட்டில் கணினி இல்லாதவருக்கு, தனியாக உட்கார்ந்தால் கவனம் நிற்காதவருக்கு, இதுவரை ஒரு சூத்திரமும் எழுதிப் பார்க்காதவருக்கு. கேள்வி கேட்க ஓர் ஆள் எதிரே இருப்பது சின்ன விஷயம் அல்ல. சான்றிதழுக்காகச் சேர்வதாக இருந்தால் யோசியுங்கள். டைப்ரைட்டிங் லோயர், ஹையர், பிட்மன் ஷார்ட்ஹேண்ட் என்று சான்றிதழைப் பையில் வைத்துக்கொண்டு தாதர் எக்ஸ்பிரஸில் வந்து இறங்கிய அந்தத் தலைமுறைக்கு அந்தக் காகிதமே வேலை வாங்கித் தந்தது. இன்று மேக்ரோ சான்றிதழை யாரும் புரட்டிப் பார்ப்பதில்லை. நேர்காணலில் ஒரு ஃபைலைக் கொடுத்துச் செய்து காட்டச் சொல்கிறார்கள். பணம் கட்டும் முன் வகுப்பு நடத்துபவரிடம் ஒன்று கேளுங்கள்: என் வேலையைப் போன்ற ஒரு ஃபைலைக் கொண்டு வந்தால் அதில் சொல்லித் தருவீர்களா? முகம் சுளித்தால் வேறு இடம் பாருங்கள். சரி என்றால், வாடிக்கையாளரின் பெயரும் ஜிஎஸ்டி எண்ணும் இல்லாத, நீங்களே புனைந்த தரவைக் கொண்டு போங்கள்.

எழுதித் தரும் இயந்திரம்

ஏஐயை நான் ஒதுக்கவில்லை. "ஏ பத்தியில் உள்ள ஒவ்வொரு விற்பனையாளருக்கும் தனித் தாள் பிரித்து பிடிஎஃப் ஆக்க மேக்ரோ வேண்டும்" என்று தமிழிலேயே கேட்டால் அது எழுதித் தருகிறது, பெரும்பாலும் ஓடவும் செய்கிறது. புத்தகத்தைப் புரட்டி அதை எழுத எனக்கு ஒரு மாலை ஆகும். வேகத்தில் போட்டியே இல்லை.

பிழை எங்கே ஒளிந்திருக்கும் என்பதில்தான் பிரச்சினை. இப்படிக் கிடைக்கும் நிரல்களில் ‘ஆன் எரர் ரெஸ்யூம் நெக்ஸ்ட்’ என்ற வரி அடிக்கடி தலைகாட்டும். பிழை வந்தால் கண்டுகொள்ளாமல் அடுத்த வரிக்குப் போ என்பது அதன் கட்டளை. 2பி ஒப்பீட்டில் இது என்ன செய்யும் என்று பாருங்கள். சுழல் ஒரு பில்லை எடுத்து, 2பி-யில் தேடி, அங்குள்ள தொகையை ஒரு மாறியில் வைத்து, அதைத் தாளில் எழுதுகிறது. அடுத்த பில் 2பி-யில் இல்லை. தேடல் பிழையாகிறது. பிழையைக் கண்டுகொள்ளாதே என்று சொல்லியிருப்பதால் அந்த வரியைத் தாண்டிவிடுகிறது. மாறியில் முந்தைய பில்லின் தொகை அப்படியே நிற்கிறது. அதுவே இந்தப் பில்லுக்கு நேரே எழுதப்படுகிறது. விற்றவர் தளத்தில் ஏற்றவே இல்லாத பில்லுக்கு நேரே ஒரு தொகை அழகாக உட்கார்ந்திருக்கும். ஒரே விற்பனையாளர், ஒரே மாத வாடகை என்று இரண்டு பில்லும் ஒரே தொகையாக இருந்துவிட்டால் "பொருந்தியது" என்றே காட்டும். சிவப்புச் செய்தி எதுவும் வராது. வரித் துறையிலிருந்து நோட்டீஸ் வரும்போது தெரியும்.

இந்த வரியைக் கண்டதும் புருவம் உயர வேண்டுமானால் பிழை கையாளுதல் அத்தியாயத்தைப் படித்திருக்க வேண்டும். நிரலை எழுத அல்ல, எழுதிக் கிடைத்ததைச் சரிபார்க்கவே இன்று புத்தகம் கூடுதலாகத் தேவைப்படுகிறது என்பது என் கருத்து. இன்னொன்றையும் நினைவில் வையுங்கள். மேக்ரோ தாளை மாற்றிவிட்டால் கன்ட்ரோல்-இசட் அடித்து மீள முடியாது. முந்தைய நிலைகளின் பட்டியலே அழிந்துவிடும். புது நிரல் எதுவானாலும், யார் எழுதியதானாலும், நகல் ஃபைலில்தான் முதல் ஓட்டம். வாடிக்கையாளரின் பதிவேட்டை அப்படியே ஏஐயில் ஒட்டிக் கேட்பவர்களைப் பற்றி நான் சொல்ல ஒன்றுமில்லை, அவர்களுடைய ஆடிட்டர் சொல்வார்.

மேக்ரோ ஃபைலை வெளியே அனுப்புவதில் ஒரு தடை இருக்கிறது. 2022இல் இருந்து, மெயிலிலோ இணையத்திலோ வந்த ஃபைல்களின் மேக்ரோக்களை ஆஃபீஸ் தானாகவே தடுத்துவிடுகிறது. வாஷியில் இருக்கும் வாடிக்கையாளர் உங்கள் ஃபைலைத் திறந்தால் சிவப்புப் பட்டையும் எச்சரிக்கையும்தான் தெரியும். ஃபைலின் பண்புகளில் போய் ‘அன்பிளாக்’ குறியிட வேண்டும் என்று அவருக்குப் போனில் விளக்கிப் பாருங்கள். ஆகவே வெளியே போகும் ஃபைலில் மேக்ரோ வேண்டாம். உங்கள் மேஜையில் ஓடும் ஃபைலில் இருக்கட்டும், அவருக்கு விளைவு மட்டும் போகட்டும்.

எந்தப் பதிப்பை வாங்குவது

வி.பி.ஏ.தான், புத்தகம்தான் என்று முடிவெடுத்தவருக்குப் புதுப் புத்தகத்தின் விலை கசக்கும். மாட்டுங்காவில் கிங்ஸ் சர்க்கிள் நடைபாதையிலும் ஃபவுண்டன் பக்கத்திலும் பழைய புத்தகக் கடைகள் இருக்கின்றன. கணினிப் புத்தகங்கள் அங்கே சீக்கிரம் வந்து சேர்ந்துவிடும், யாரும் முழுதாகப் படிப்பதில்லை அல்லவா. வி.பி.ஏ. மொழி அவ்வளவாக மாறவில்லை என்பதால் பத்து வருடப் பழைய பதிப்பும் ஓடும். எவ்வளவு பழையது என்பதில்தான் விஷயம். 2007இல் எக்ஸெல்லின் மெனு அமைப்பும் ஃபைல் வடிவமும் மாறின. 65,536 வரிகள் இருந்த தாள் 10,48,576 ஆனது. பழைய புத்தகத்து நிரல்களில் கடைசி வரியைக் கண்டுபிடிக்க 65536 என்ற எண்ணையே நேராக எழுதியிருப்பார்கள். இன்று அந்த நிரல் ஓடும், பிழையும் காட்டாது, அதற்குக் கீழே உள்ள வரிகளைக் கண்டுகொள்ளாது. 2020இல் இங்கிலாந்தில் ஏறத்தாழ 16,000 கொரோனா தொற்றுகள் அன்றாடக் கணக்கில் ஏறாமல் விடுபட்டதற்கு இந்தப் பழைய ஃபைல் வடிவத்தின் வரி வரம்புதான் காரணம்.

கடையில் நின்றபடியே இதைப் பார்த்துவிடலாம். ரேஞ்ச் அத்தியாயத்தைத் திறந்து அந்த எண் கண்ணில் படுகிறதா என்று பாருங்கள், பட்டால் வைத்துவிடுங்கள். பிறகு சொல்லடைவுக்குப் போய் ‘லிஸ்ட் ஆப்ஜெக்ட்’, ‘டிக்ஷனரி’, ‘அரே’ ஆகிய மூன்றையும் தேடுங்கள். முதலாவது இன்றைய எக்ஸெல் டேபிள்களைக் கையாள. இரண்டாவது ஆயிரக்கணக்கான பில் எண்களை நொடியில் தேட. மூன்றாவது செல் செல்லாக வாசிக்காமல் மொத்தத் தாளையும் ஒரே மூச்சில் நினைவகத்துக்கு இழுக்க. மூன்றும் இருந்து, பிழை கையாளுதலுக்கு அரைப் பக்கமாக இல்லாமல் ஒரு தனி அத்தியாயம் இருந்தால் பேரம் பேசத் தொடங்கலாம். மெயில் அனுப்பும் அத்தியாயத்தைக் காட்டி விலையை ஏற்றினால் ஏமாற வேண்டாம். புதிய அவுட்லுக் வி.பி.ஏ.க்குக் கட்டுப்படுவதில்லை, பழைய அவுட்லுக் உள்ள அலுவலகத்தில் மட்டுமே அந்தப் பக்கங்கள் உதவும். கூடவே வரும் குறுந்தகடு கீறல் விழுந்திருந்தால் பரவாயில்லை. உதாரணங்களைத் தட்டித்தான் பார்க்கப் போகிறீர்கள்.